நான்கு ஸ்க்ரூவும் ஒரு பசைக் குப்பியும்

கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, கிட்டாரைக் குப்புறப் போட்டு, பின்பக்கத் தகட்டில் இருக்கும் நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் நெக், அதாவது விரல்கள் ஓடும் கழுத்துப் பகுதி, தனியாகக் கையோடு வந்துவிடும். கதவுக் கீல் கழற்றுவதைவிட எளிது. முதல் தடவை செய்தபோது, செய்யக் கூடாத காரியம் செய்கிறவன் மாதிரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டாரைப் பார்த்து யாரோ அடித்த நகல் அது, பல கை மாறி என்னிடம் வந்தது. நெக்கின் மேல் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளிலிருந்து கம்பிகள் எக்கச்சக்க உயரத்தில் நின்றன. விரல் நுனி புண்ணாகிவிடும்.

நெக் வெளியே வந்ததும் அது உட்கார்ந்திருந்த குழிக்குள் பார்த்தேன். ஒரு விசிட்டிங் கார்டின் ஓரத்தைக் கத்தரித்து, இரண்டாக மடித்து வைத்திருந்தார்கள். நான்கைந்து எழுத்துகளும் பாதி தொலைபேசி எண்ணும் தெரிந்தன. எனக்கு முன்னால் இதை வைத்திருந்த யாரோ ஒருவர் இதே பிரச்சினையோடு மல்லுக்கட்டி, நெக்கைக் கொஞ்சம் பின்னால் சாய்க்கப் பார்த்திருக்கிறார். குழியின் பின் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் தூக்கிக் கொடுத்தால் மறுமுனையில் தலை பின்னால் சாயும், கம்பி தணியும். அவர் கார்டை முன் ஓரத்தில் வைத்துவிட்டார். அதனால்தான் அந்த உயரம். நான் கார்டை எடுத்துப் பின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தேன். அவ்வளவுதான் வேலை.

எனக்குக் கிட்டார் வாசிக்க வரும் என்று சொன்னால் வாசிக்கத் தெரிந்தவர்கள் வருத்தப்படுவார்கள். ஆனால் கழற்றி மாட்ட வரும். நண்பர்கள் கொண்டுவந்து கொடுக்கும் கிட்டார்களை ரொம்ப வருஷமாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். ஃபெண்டரா கிப்ஸனா என்ற தீராத பஞ்சாயத்தில் எல்லாரும் சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். என் கட்சி வேறு. ஒரு கிட்டார் கம்பெனியின் குணம் அதன் கிட்டாரைத் திறக்கும்போதுதான் தெரிகிறது. இந்தப் பொருள் ஒருநாள் கெடும் என்று நினைத்துச் செய்தார்களா, கெடவே கெடாது என்று நம்பிச் செய்தார்களா என்பது உள்ளே எழுதியிருக்கும்.

லியோ ஃபெண்டர் கெடும் என்று நினைத்தவர். நினைக்காமல் என்ன செய்வார், அவர் பிழைப்பே அதுதான். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938இல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். உள்ளூர் இசைக்காரர்கள் ஆம்ப்ளிஃபயரையும் ஒலிபெருக்கியையும் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குத்தான் வருவார்கள். அப்படியே கருவி செய்கிற தொழிலுக்குள் இறங்கினார். கடைசிவரை அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. உலகத்தில் அதிகமாக நகலெடுக்கப்பட்ட கிட்டாரைச் செய்த மனுஷனுக்கு அதைச் சுருதி சேர்த்து நாலு ஸ்வரம் வாசிக்க வராது என்பதில் எனக்குத் தனிப்பட்ட ஆறுதல் உண்டு.

1950இல் அவர் வெளியிட்ட எஸ்கொயர் ஒரு பலகை. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே தட்டையான மரப்பலகையை வெட்டி ஓரத்தை உருட்டிவிட்ட உருவம். அதில் ஒரே துண்டு மேப்பிளில் செய்த நெக், நான்கு ஸ்க்ரூ. ஃப்ரெட்டுகளைக்கூட நெக் மரத்திலேயே நேராக அறைந்துவிட்டார், மேலே தனியாகப் பலகை ஒட்டவில்லை. தேய்ந்து போனால் நெக்கையே கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. வயலின் செய்யும் பரம்பரையில் வந்த யாருக்கும் இது அபசாரமாகப் பட்டிருக்கும். ரேடியோவில் வால்வு மாற்றிப் பழகியவருக்கு இதில் அபசாரம் ஒன்றும் இல்லை.

பிடிவாதமும் இருந்தது. மேப்பிள் உறுதியான மரம், உள்ளே இரும்புக் கம்பி எதுவும் தேவையில்லை என்று சாதித்தார். கிப்ஸன் கம்பெனி 1920களிலேயே அந்தக் கம்பிக்கு, அதாவது ட்ரஸ் ராடுக்கு, காப்புரிமை வாங்கி வைத்திருந்த விஷயம் தெரிந்தும்தான் இந்தச் சாதிப்பு. ஆறு கம்பியின் இழுவிசை விடுமா? முதலில் போன நெக்குகள் வில்லாக வளைய ஆரம்பித்தன. விற்பனையைப் பார்த்துக்கொண்ட டான் ராண்டல் நெருக்க, லியோ இறங்கி வந்தார். ஆனால் ஒரே துண்டு நெக்கில் கம்பியை எப்படி நுழைப்பது? பின்பக்கமாகப் பள்ளம் பறித்து, ராடை வைத்து, மேலே வால்நட் மரத்தில் ஒரு நாடா வைத்து மூடினார்கள். பழைய ஃபெண்டர் மேப்பிள் நெக்கின் முதுகில் ஓடுகிற அந்தக் கறுப்புக் கோட்டை இன்றைக்கு ரசிகர்கள் அழகு என்கிறார்கள். ஆபரேஷன் பண்ணின தழும்பு அது.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. எஸ்கொயரின் உடன்பிறப்பான டெலிகாஸ்டரின் கூர்மையான ஓரம் விலா எலும்பில் குத்துகிறது என்று பில் கார்சன் போன்ற வாசிப்பாளர்கள் குறை சொன்னதால்தான் அதற்கு அந்தச் சதை வழித்தெடுத்த மாதிரியான உடம்பு. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் அதன் முன்பக்கப் பிளாஸ்டிக் தகடு. சுற்றியுள்ள சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றித் தூக்கினால் மூன்று பிக்கப் (கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), மூன்று குமிழ், சுவிட்ச் என்று மொத்தச் சமாச்சாரமும் அந்த ஒரு தகட்டிலேயே தொங்கிக்கொண்டு வரும். ஜாக்குக்கும் எர்த்துக்கும் போகிற வயர்களைத் தவிர உடம்போடு ஒட்டும் உறவும் கிடையாது. மேசையில் கவிழ்த்துப் போட்டு, காப்பி ஆறுவதற்குள் சோல்டர் வேலையை முடித்துவிடலாம். ரிப்பேர்க்காரன் இன்னொரு ரிப்பேர்க்காரனுக்கு எழுதிய கடிதம் மாதிரி அது.

தப்பே இல்லாத ஆள் என்று சொல்ல வரவில்லை. டெலிகாஸ்டரின் உடம்பில் கம்பிகள் வந்து உட்காரும் பிரிட்ஜில் ஆறு கம்பிக்கு மூன்றே மூன்று சேடில், அதாவது தாங்கி. இரண்டு கம்பிக்கு ஒன்று. ஒரு கம்பியின் சுருதியை மேல் ஃப்ரெட்டுகளில் சரிசெய்தால் ஜோடிக் கம்பி கோபித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் சமாதானம் பேசுவதே பாடு. பிரிட்ஜுக்கு மேல் போட ஒரு குரோம் மூடி கொடுத்தார்கள். அதைப் போட்டால் வலது உள்ளங்கையை வைத்துக் கம்பியை அமுக்க முடியாது. எல்லாரும் கழற்றி எறிந்தார்கள், பலர் சிகரெட் சாம்பல் தட்டினார்கள். இன்றும் அந்த மூடிக்குச் சந்தையில் ஆஷ்ட்ரே என்றுதான் பெயர். ஸ்ட்ராட்டின் சுவிட்சில் மூன்று நிலை வைத்தார். வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவில் தொக்கி நிற்க வைத்து, இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கிற அந்த மூக்கால் பேசுகிற சத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். சுவிட்ச் நழுவாமலிருக்கத் தீக்குச்சி செருகியவர்கள் உண்டு. ஐந்து நிலை சுவிட்சைக் கம்பெனி பொருத்தியது 1977இல்தான். இருபத்து மூன்று வருஷம்!

இன்னொரு கூத்து. கம்பியைத் தளர்த்தி இறுக்கிச் சுருதியை ஆட்டுவதற்குப் பெயர் வைப்ராட்டோ, ஒலியின் அளவை ஏற்றி இறக்குவதற்குப் பெயர் ட்ரெமலோ. லியோ கிட்டாரில் இருக்கும் வைப்ராட்டோவுக்கு ட்ரெமலோ என்றும் ஆம்பில் இருக்கும் ட்ரெமலோவுக்கு வைப்ராட்டோ என்றும் மாற்றிப் பெயர் வைத்துவிட்டார். எழுபது வருஷமாக உலகமே அந்தத் தப்பைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

மிச்சிகன் மாநிலத்தில் கலமஸூ ஊரில் இருந்த கிப்ஸன் வேறு குடும்பம். ஆர்வில் கிப்ஸன் 1890களில் மேண்டலினைக் குடைந்து செய்ய ஆரம்பித்தார். வயலின் மாதிரி மேல்பலகையை வளைவாகச் செதுக்கும் கை அவருடையது. 1902இல் அவர் பெயரில் கம்பெனி. 1936இல் வந்த இஎஸ்-150ஐ வைத்துக்கொண்டுதான் சார்லி கிறிஸ்டியன் ஜாஸ் மேடையில் கிட்டாரை முன்வரிசைக்கு இழுத்து வந்தார். ஆக, மின்சாரம் அவர்களுக்குப் புதிதில்லை. பலகை கிட்டார் என்ற யோசனைதான் கௌரவக் குறைவாகப் பட்டது. கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940களில் நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டையில் பிக்கப் மாட்டி, பார்வைக்குக் கிட்டாராகத் தெரியட்டும் என்று ஒரு எபிஃபோன் கம்பெனிக் கிட்டாரை அறுத்து இரண்டு பக்கமும் இறக்கையாக ஒட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது, துடைப்பக்கட்டையைக் கொண்டுவந்த ஆள் என்று கிப்ஸனில் சிரித்தார்களாம். பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரித்த கதை.

ஃபெண்டரின் பலகை விற்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. கிப்ஸனின் தலைவர் டெட் மெக்கார்ட்டி 1952இல் லெஸ் பால் மாடலைக் கொண்டுவந்தார். மஹோகனி உடம்பு, அதன்மேல் வளைவாகச் செதுக்கிய மேப்பிள். ஏன் வளைவு? அப்படிச் செதுக்கும் இயந்திரம் ஃபெண்டரிடம் கிடையாது, நம்மிடம் உண்டு என்பது மெக்கார்ட்டி சொன்ன காரணம். சத்தத்துக்காக என்று விளக்க எத்தனை பேர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நெக்கைப் பசை போட்டு ஒட்டினார்கள். இங்கேதான் இரண்டு குடும்பத்துக்கும் சம்பந்தம் முறிகிறது. ஒட்டிய நெக்கின் கோணம் தப்பினால் விசிட்டிங் கார்டெல்லாம் உதவாது. ஃப்ரெட்டைப் பிடுங்கி, துளை போட்டு, ஆவி செலுத்திப் பசையை இளக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசைத்து எடுக்க வேண்டும். கிப்ஸனே முதல் வருஷம் அந்தக் கோணத்தில் சறுக்கியது. நெக் போதுமான அளவு சாயவில்லை. கம்பியைப் பிரிட்ஜுக்கு மேலே கொண்டுபோனால் உயரம் ஒத்துவராததால் அடியில் சுற்றிவிட்டார்கள். உள்ளங்கை வைக்க இடமே இல்லாத கிட்டார் ஆயிற்று. நெக் கோணத்தை மாற்றி, பிரிட்ஜை மாற்றி, இன்று நாம் பார்க்கும் லெஸ் பாலின் பாகங்கள் அமைய 1955 ஆகிவிட்டது.

அப்புறம் அந்தத் தலை. ஃபெண்டர் தலை நெக்கோடு ஒரே தளத்தில் நேராகப் போகிறது, நட்டின் மேல், அதாவது தலைக்கு முன்னால் கம்பி உட்காரும் பள்ளக் கட்டையின் மேல், கம்பி கொஞ்சம்தான் வளையும். கிப்ஸன் தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். சாய்த்துச் செதுக்கும்போது மரத்தின் நார் ஓடுகிற திசை குறுக்கே அறுபடுகிறது. மிக மெல்லிய இடமும் அதுதான். போதாக்குறைக்கு ட்ரஸ் ராடின் திருகு உட்கார அதே இடத்தில் ஒரு குழி வேறு தோண்டியிருக்கிறார்கள். ஸ்டாண்டிலிருந்து மல்லாக்கச் சாய்ந்தால் போதும், முறிவு அங்கேதான். இதே அமைப்பில் வேறு யாரோ செய்த கிட்டார் ஒன்று தலை தொங்கிய நிலையில் என்னிடம் வந்தது. கம்பிகள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. நார் நீளமாகக் கிழிந்திருந்ததால் பிழைத்தது: பிளவுக்குள் மெல்லிய தூரிகையால் பசையைச் செலுத்தி, இரண்டு பக்கமும் வளைவுக்கேற்ற கட்டை கொடுத்து, கிளாம்ப் போட்டு ஒருநாள் முழுக்க விட்டேன். பிதுங்கி வந்த பசையை ஈரத்துணியால் துடைக்கும்போது கோடு மறைந்துகொண்டே போனது. ஒழுங்காக ஒட்டினால் அந்த இடம் மறுபடி முறிவதில்லை, முறிந்தால் பக்கத்து மரம்தான் முறிய வேண்டும். பசைக்காரர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன்.

அந்தத் தலையிலேயே இன்னொரு சின்ன எரிச்சல். பக்கத்துக்கு மூன்று முறுக்கிகள் இருப்பதால், நடுவிலுள்ள டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் வெளிப்பக்கமாக விரிந்து போகும். பள்ளத்தில் உரசி மாட்டிக்கொள்ளும். சுருதி ஏற்றும்போது ஒன்றும் நடக்காது, நடக்காது, திடீரென்று ‘டிங்’ என்று ஒரு சத்தம், கம்பி தாண்டிப் போய்விட்டிருக்கும். பென்சில் கூரைப் பள்ளத்தில் தேய்த்தால் சரியாகும். நம்பாதவர்கள் செய்து பார்க்கலாம்.

கிப்ஸனில் நான் மனதாரக் கும்பிடுவது சேத் லவர் என்ற ரேடியோ தெரிந்த மனிதரை. ஒற்றைச் சுருள் பிக்கப் ஓர் ஆண்டெனா மாதிரி. கம்பியின் அசைவோடு மின்சாரத்தின் உறுமலையும் சேர்த்துப் பிடிக்கும். லவர் இரண்டு சுருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றை மாற்றிச் சுற்றி, அதன் காந்தத் துருவத்தையும் திருப்பினார். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி இரண்டிலும் ஒரே திசையில் பிறந்து கூடும். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957இல் லெஸ் பாலில் ஏறியது, 1959இல் காப்புரிமை கிடைத்தது. அதற்குப் பிறகும் சில வருஷம்வரை அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்று சின்ன ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கர் உள்ள பிக்கப்புகளுக்கு இன்று நடக்கும் அடிதடி தனிக் கதை. காப்புரிமை எண்ணோடு வந்த அடுத்த ஸ்டிக்கரில் அச்சிட்டிருந்தது பிக்கப்பின் எண்ணே கிடையாது. லெஸ் பாலின் பழைய பிரிட்ஜுக்கான எண்! நகலெடுக்க நினைப்பவர்களை அலையவிடும் தந்திரம் என்கிறார்கள் சிலர், குமாஸ்தாவின் கைப்பிழை என்கிறார்கள் சிலர். எனக்குத் தந்திரம் என்று நம்பத்தான் ஆசை.

1958 முதல் 1960 வரை செர்ரிச் சிவப்பு மங்கி மஞ்சளாகும் வண்ணத்தில் வந்த லெஸ் பால்கள் இன்று வீடு வாங்கும் விலைக்குப் போகின்றன. அப்போது போணியாகவில்லை. மொத்தம் இரண்டாயிரம்கூடத் தேறாது. 1961இல் அந்த உருவத்தையே நிறுத்திவிட்டு இரண்டு கொம்பு வைத்த மெல்லிய உடம்புக்கு மாறினார்கள். அதுதான் பிறகு எஸ்ஜி. லண்டனில் எரிக் கிளாப்டன் 1965, 66 வாக்கில் ஜான் மேயால் குழுவில் ஒரு பழைய லெஸ் பாலை மார்ஷல் ஆம்பில் செருகி ஒலியைக் கூட்டிய பிறகுதான் ஊருக்கு ஞானம் வந்தது. 1968இல் கிப்ஸன் அதை மறுபடி செய்ய ஆரம்பித்தது. கிப்ஸனின் சரித்திரமே இப்படித்தான்: நல்லதைச் செய்யும், செய்ததை மறந்துவிடும், மற்றவர்கள் வந்து ஞாபகப்படுத்த வேண்டும்.

சத்தம் பற்றிப் பேசாமல் போனால் விடமாட்டார்கள். மரம்தான் ஒலி என்று சத்தியம் செய்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் நம்புவதும் இல்லை. ஃபெண்டரின் கம்பி நீளம் 25.5 அங்குலம், கிப்ஸனுடையது 24.75. முக்கால் அங்குலம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்ற ஃபெண்டரில் சுமார் 6 சதவீதம் கூடுதல் இழுவிசை வேண்டும். இடது கை விரலுக்கு அது உடனே தெரியும். கிப்ஸனில் கம்பியை வளைப்பது வெண்ணெய், ஃபெண்டரில் கொஞ்சம் வாக்குவாதம். வால்யூம் குமிழுக்கு அடியிலுள்ள பொட் என்ற மாறும் மின்தடை ஃபெண்டரில் 250 கிலோ ஓம், லவரின் இரட்டைச் சுருளான ஹம்பக்கர் வைத்த கிப்ஸனில் பொதுவாக 500. மதிப்புக் குறைந்தால் உச்ச அதிர்வெண்கள் தரைக்கு ஒழுகிவிடும். ஒற்றைச் சுருள் இயல்பிலேயே கீச்சென்று இருக்கும், அதை 250 அடக்கி வைக்கிறது. என் நகல் ஸ்ட்ராட்டில் ஒரு தடவை 500 போட்டுப் பார்த்தேன். தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருந்தது. சில ரூபாய்ச் சாமான் ஒன்று ஏற்படுத்துகிற வித்தியாசத்தை எந்த மரமும் எனக்குக் காட்டியதில்லை.

அதே நாள் ஒரு பாவமும் செய்தேன். பிக்கப்பின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வைத்திருந்தேன். ஃபெண்டர் பாணி பிக்கப்பில் ஆறு காந்தத் தூண்களைச் சுற்றியே கம்பி ஓடுகிறது. தலைமுடி மாதிரி மெல்லியது, 0.06 மில்லிமீட்டர்தான் இருக்கும், எட்டாயிரம் சுற்றுக்குப் பக்கம். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைச் சும்மா பக்கத்தில் கொண்டுபோனேன். காந்தம் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. நுனி போய்ச் சுருளில் குத்தியது. ஓம் மீட்டரில் ஒன்றும் காட்டவில்லை. பிக்கப் செத்துவிட்டது. எட்டாயிரம் சுற்றில் ஒரு சுற்று அறுந்தாலும் போச்சு. அன்றிலிருந்து பிக்கப் பக்கத்தில் பித்தளைக் கருவிதான் போகும்.

கிரெட்ச் பற்றி எனக்கு இருப்பது மரியாதையும் பயமும் கலந்த ஒன்று. 1883இல் புரூக்லினில் ஃபிரீட்ரிக் கிரெட்ச் ஆரம்பித்த கடை. முரசு செய்கிறவர்கள். ஃபெண்டர் தன் இரண்டு பிக்கப் கிட்டாருக்கு பிராட்காஸ்டர் என்று பெயர் வைத்தபோது, அது எங்கள் டிரம் செட்டின் பெயர் என்று தந்தி அடித்தவர்கள் இவர்கள்தான். லியோ புது ஸ்டிக்கர் அடிக்கும்வரை காத்திருக்கவில்லை. பழைய ஸ்டிக்கரில் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு ஃபெண்டர் என்ற சொல்லோடு கிட்டாரை அனுப்பிக்கொண்டிருந்தார். 1951இல் டெலிகாஸ்டர் என்ற பெயர் வந்தது. நடுவில் பெயரில்லாமல் போனவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் நோகாஸ்டர் என்று பெயர் வைத்து உச்சி முகர்கிறார்கள்.

டிரம்மின் மேல் ஒட்டுகிற மினுமினுப்புப் பிளாஸ்டிக்கையே கிட்டாரிலும் ஒட்டினார்கள். ஜிம்மி வெப்ஸ்டரின் யோசனையில் 1954இல் காட்சிக்கு வந்த வைட் ஃபால்கன், கல்யாண ஊர்வலக் கார் மாதிரி வெள்ளையும் தங்கமுமாக இருக்கும். அழகுக்குக் குறைவில்லை. திறக்கிறவன் பாடுதான் பாடு. உள்ளே வெற்றாக இருக்கும் கிட்டாரில் பொட்டையும் சுவிட்சையும் மாற்ற, எஃப் வடிவத் துளை வழியாகத்தான் எல்லாவற்றையும் வெளியே இழுக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டின் தண்டிலும் நூல் கட்டி உள்ளே விடுவோம். வேலை முடிந்து திரும்ப நுழைத்து, அந்தந்த நூலை அந்தந்த ஓட்டை வழியாக இழுத்தால் தண்டு தலைநீட்டும். ஒரு நூல் நழுவினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். செட் அட்கின்ஸுக்குத் திறந்த துளை பிடிக்கவில்லை, ஊளையிடுகிறது என்று. அவர் பெயரில் வந்த சில மாடல்களில் துளையை மூடி, அதே உருவத்தைப் பெயிண்டில் வரைந்துவிட்டார்கள்! பிறகு ரிப்பேர்? முதுகில் ஒரு பெரிய ஓட்டை போட்டு மூடி வைத்து, அந்த மூடி தெரியாமலிருக்க மேலே மெத்தை ஒன்றைப் பொத்தான் வைத்து மாட்டினார்கள். வாசிப்பவரின் வயிற்றுக்குச் சுகம் என்று விளம்பரம். இப்படி ஒரு துளையை மறைக்க ஒரு படம், படத்தை ஈடுகட்ட ஒரு துளை, அதை மறைக்க ஒரு மெத்தை. எனக்குக் கிரெட்ச் பிடிக்க இதுவே போதும். அதற்குள் ரே பட்ஸ் செய்த ஃபில்டர்ட்ரான் பிக்கப் இருக்கிறது. லவர் வேலை செய்த அதே காலத்தில், இவரும் தனியே, உறுமலை அடக்கும் இரட்டைச் சுருளுக்கு வந்து சேர்ந்தார். சுற்று குறைவு, அதனால் சத்தம் திறந்து, காற்றோட்டமாக இருக்கும். கேட்பதற்கு மட்டும் என்றால் என் ஓட்டு இதற்கே.

மின்கிட்டாரில் மட்டும் பார்த்தால் வயதில் மூத்தவர் ரிக்கன்பேக்கர். ஜார்ஜ் பீச்சமின் வாணலி வடிவ அலுமினியக் கிட்டார் 1932இல் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் நாம் மனதில் வைத்திருக்கும் ரிக்கன்பேக்கர் 1953இல் எஃப். சி. ஹால் கம்பெனியை வாங்கிய பிறகு, ரோஜர் ராஸ்மைஸல் என்ற ஜெர்மானியர் வரைந்த உருவங்கள். 1964 பிப்ரவரியில் நியூயார்க்கில் பீட்டில்ஸ் இறங்கியபோது ஹால் 12 கம்பிக் கிட்டார் ஒன்றை ஜார்ஜ் ஹாரிசனிடம் கொடுத்தார். திரையில் அதைப் பார்த்த ரோஜர் மெக்குவின் தானும் ஒன்று வாங்கி, பேர்ட்ஸ் குழுவின் ஒலியையே அதில் கட்டினார். ஒரு சின்னத் தலையில் 12 முறுக்கி எப்படி? ஆறு பக்கவாட்டில், ஆறு பின்னோக்கி, நடுவில் இரண்டு பள்ளம். கெட்டிக்காரத்தனம். கம்பி மாட்டத்தான் ஒரு சாயங்காலம் வேண்டும்.

நெக்குக்குள் இரண்டு ட்ரஸ் ராட். பழைய ரிக்கன்பேக்கரில் மற்ற கிட்டாரில் செய்கிற மாதிரி திருகைப் பிடித்துத் திருகினால் நெக் நேராகாது, ஃப்ரெட் பலகை பிய்ந்து மேலே எழும்பும். முதலில் நெக்கைக் கையாலேயே வேண்டிய அளவு வளைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு, வளைத்த நிலை கலையாமலிருக்கத் திருகை இறுக்க வேண்டும். விஷயம் தெரியாமல் எத்தனை பேர் நாசமாக்கியிருப்பார்கள்! நான் ஒருமுறைதான் செய்திருக்கிறேன், ஒருவர் வளைக்க நான் இறுக்க, இரண்டு பேரும் பேசவே இல்லை.

1960களின் பின்பாதியில் பெரிய கம்பெனிகளுக்குக் கிட்டார் ஆசை வந்தது. ஃபெண்டரை 1965இல் சிபிஎஸ் 13 மில்லியன் டாலருக்கு வாங்கியது. கிரெட்ச் 1967இல் பால்ட்வினுக்குப் போனது. கிப்ஸனின் தாய்க் கம்பெனி 1969இல் கைமாறி நார்லின் குழுமத்துக்குள் சேர்ந்தது. ஹால் குடும்பம் மட்டும் ரிக்கன்பேக்கரை விற்கவில்லை. விற்ற மூன்றிலும் தரம் சரிந்தது என்று எல்லாரும் சொல்வார்கள், பாதி நிஜம். ஃபெண்டர் நான்கு ஸ்க்ரூவை மூன்றாக்கியதை நான் மன்னிக்க மாட்டேன். அதே மாற்றத்தில் நெக்கைக் கழற்றாமலே சாய்வைத் திருகிச் சரிசெய்யும் வசதியையும் கொடுத்தார்கள், விசிட்டிங் கார்டுக்கு வேலையில்லாமல் போயிற்று, அதையும் சொல்ல வேண்டும். இந்தச் சரிவில்தான் ஜப்பான் நுழைந்தது. நகல்கள் அசலைவிட நேர்த்தியாக வர ஆரம்பித்ததும் 1977இல் ஐபனீஸின் அமெரிக்க விற்பனையாளர் மேல் நார்லின் வழக்குப் போட்டது. வழக்கு தலையின் உருவத்தைப் பற்றி மட்டும்தான், அதுவும் சமரசத்தில் முடிந்தது. ஃபெண்டர் புத்திசாலி, 1982இல் ஜப்பானிலேயே கூட்டுச் சேர்ந்து தன் கிட்டாரை அங்கேயே செய்ய வைத்தது. அடுத்த தலைமுறையில் 1985இல் தொடங்கிய பால் ரீட் ஸ்மித், ஃபெண்டருக்கும் கிப்ஸனுக்கும் நடுவில் 25 அங்குலத்தில் கம்பி கட்டினார், கிப்ஸனை விட்டு எப்போதோ விலகியிருந்த டெட் மெக்கார்ட்டியைத் தேடிப் போய்ப் பாடமும் கேட்டுக்கொண்டார். குறையே சொல்ல முடியாத கிட்டார். திறந்தால் எனக்கு உள்ளே வேலையும் இருக்காது, கதையும் இருக்காது.

கலமஸூ தொழிற்சாலையை 1984இல் மூடி எல்லாவற்றையும் நாஷ்வில்லுக்குக் கொண்டுபோனபோது, ஊரை விட்டுப் போக மனமில்லாத சிலர் அடுத்த வருஷமே அதே கட்டடத்தில் ஹெரிடேஜ் என்று சொந்தமாகத் தொடங்கினார்கள். லியோவும் கம்பெனியை விற்ற பிறகு சும்மா இருக்கவில்லை. மியூசிக் மேன், பிறகு ஜி அண்ட் எல் என்று 1991இல் இறக்கும் கடைசி நாட்கள்வரை தன் மேசையில் உட்கார்ந்து பிக்கப்பை நோண்டிக்கொண்டிருந்தார்.

போன வாரம் நண்பனின் தம்பி கேட்டான். “அண்ணே, பழசு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஃபெண்டர் மாதிரி எடுக்கவா, லெஸ் பால் மாதிரி எடுக்கவா?”

“போறப்ப ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டுப் போ.”

“எதுக்குண்ணே?”

“நெக்கைக் கழட்டிப் பார்க்கணும்னு சொல்லு. விக்கிறவன் மூஞ்சியைப் பாரு.”

“லெஸ் பாலா இருந்தா? அது கழட்ட வராதே?”

“அப்ப தலைக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாரு. கோடு இருக்கான்னு.”

“இருந்தா வேண்டாம்னு சொல்லிடவா?”

“விலையைக் குறைக்கச் சொல்லு. குறைச்சான்னா எடுத்துக்க. ஒட்டினது யாருன்னு மட்டும் கேட்டுட்டு வா.”